பாதாம் வறுப்பதும் சமையலில் சேர்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்களில் பல வீடுகளிலிருந்து ஒருவராவது வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் பெட்டியில் ஒரு கிலோ பாதாமாவது இருக்கும். முந்திரிப் பருப்பை அண்டிப்பருப்பு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அதை வறுப்பதற்கு எங்களில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பாதாமையும் அதே கைப்பழக்கத்தில் வறுத்து, வெளியே கருகி உள்ளே பச்சையாக எடுத்தவர்கள் பலர். உறவினர்களும் அண்டை வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களையும், நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாதாமைப் பச்சையாகவே தின்னலாமே, எதற்காக வறுக்க வேண்டும்?

பச்சைப் பாதாமில் மெல்லிய இனிப்பு உண்டு. மணம் மிகக் குறைவு. பருப்பில் உள்ள சிறிதளவு சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரியும்போதுதான் பழுப்பு நிறமும் வறுத்த மணமும் உண்டாகின்றன. தோசையின் ஓரம் முறுகுவதற்கும் தீயல் குழம்புக்கு வறுக்கும் தேங்காய் சிவந்து மணப்பதற்கும் காரணமான வினை இதுவே. லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-ஆம் ஆண்டில் இதை விளக்கியதால் அவர் பெயராலேயே இந்த வினை வழங்கப்படுகிறது.

இரண்டாவது காரணம் ஈரம். பச்சைப் பாதாமில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஈரம் இருக்கும். அதில் பெரும்பகுதி வறுக்கும்போது வெளியேறிவிடுவதால்தான், பல்லுக்கு இழுபடும் பருப்பு மொறுமொறுப்பாக மாறுகிறது. எல்லாப் பண்டங்களுக்கும் வறுத்த பாதாம் பொருந்தும் என்று இதற்குப் பொருளில்லை. வறுக்கக் கூடாத இடங்களைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அண்டிப்பருப்பு நெய்யில் இரண்டு நிமிடத்தில் சிவந்துவிடுகிறதே, பாதாமுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?

நம் வீட்டுக்கு வரும் அண்டிப்பருப்பு உண்மையில் பச்சைப் பருப்பு அன்று. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மை உடையது என்பதால், அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) முதலில் ஓட்டோடு அவித்தோ வறுத்தோதான் உடைக்கிறார்கள். பிறகு மேல்தோல் கழல்வதற்காகப் பருப்பை மறுபடியும் சூட்டறையில் உலர்த்துகிறார்கள். ஆகவே இரண்டு முறை சூடு கண்டு, தோலும் நீங்கி, பெரும்பாலும் இரண்டாகப் பிளந்த பருப்பே நம் கைக்கு வந்து சேர்கிறது. அதில் மாவுச்சத்தும் கூடுதல். நெய்யில் விழுந்தவுடன் அது சிவப்பதில் வியப்பில்லை.

பாதாம் முழுப் பருப்பு, தடிப்பானது, பழுப்புத் தோல் போர்த்தியது, மாவுச்சத்து மிகக் குறைவாக உடையது. சூடு தோலைக் கடந்து நடுப்பகுதியைச் சென்றடைய நேரம் வேண்டும். தீயைக் கூட்டினால் தோல்தான் கருகுமே தவிர, நடுப்பகுதி விரைவாக வறுபடாது. பாதாம் வறுப்பதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டைக் கருதாததால் நேர்பவை.

மம்ரா, குர்பந்தி, கலிபோர்னியா என்று கடையில் மூன்று பெயர் சொல்கிறார்கள். வறுக்க எதை வாங்குவது?

வறுப்பதற்குக் கலிபோர்னியா பாதாமே போதும். உலகில் விளையும் பாதாமில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. பருப்புகள் ஒரே அளவில் இருப்பதால் ஒரே நேரத்தில் வறுபடும். மம்ரா வளைந்தும் சுருங்கியும், பெரிதும் சிறிதுமாகக் கலந்தும் இருக்கும். எண்ணெய் கூடுதல், விலை பன்மடங்கு. அதை வறுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை; அப்படியே மென்று தின்பதுதான் அதற்குத் தகும். குர்பந்தி ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் சிறிய பருப்பு. சுவை நல்லது, ஆனால் இடையிடையே கசப்புப் பருப்பு கலந்திருக்கும். அதைப் பற்றிப் பின்னால் தனியே எழுதியிருக்கிறேன்.

எந்த வகையானாலும் ஒன்றை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். உட்புறம் பால்வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் படர்ந்திருந்தாலோ பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தாலோ அந்தப் பருப்பை எவ்வளவு வறுத்தாலும் அது நல்ல பருப்பாகாது.

அவன் (ஓவன்) எதுவும் இல்லை. சீனச்சட்டியில் வறுப்பது எப்படி என்று அளவோடு சொல்லுங்கள்.

சீனச்சட்டி என்று இங்கே நாம் சொல்லும் கனத்த இரும்பு வாணலியே இதற்கு மிகப் பொருத்தமானது. மெல்லிய அலுமினியச் சட்டி வேண்டாம்; அதில் அடுப்பின் சுவாலை படும் இடம் மட்டும் கொதித்து, அங்கு கிடக்கும் பருப்புகளில் புள்ளி விழும். 200 கிராம் பாதாமை, சட்டியின் அடியில் ஒரே அடுக்காகப் பரவும்படி போடுங்கள். சட்டியை முன்கூட்டியே சூடாக்க வேண்டாம். குளிர்ந்த சட்டியில் பருப்பைப் போட்டு, பிறகு அடுப்பைப் பற்றவைத்துச் சிறுதீக்கும் நடுத்தரத் தீக்கும் இடையில் வையுங்கள். சட்டியும் பருப்பும் சேர்ந்து சூடேறும்போது நடுப்பகுதிக்கும் வெப்பம் போய்ச் சேரும்.

முதல் நான்கு நிமிடங்கள் அவ்வப்போது புரட்டினால் போதும். அதன்பின் கையெடுக்காமல் கிளற வேண்டும். மொத்தம் 10 முதல் 12 நிமிடங்கள் ஆகும். இடையில் கைப்பேசி அழைத்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து மறுபடியும் பற்றவைக்கலாம். ஒரு கிறிஸ்துமஸ் முன்னிரவில் வாசலுக்கு வந்த கேரல் பாட்டுக் குழுவைப் பார்க்கப் போய், அரைக் கிலோ பாதாமை நான் கரிக்கட்டையாக்கியிருக்கிறேன்; மணம் மாறத் தொடங்கிய பின் கருகுவதற்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது.

வறுபட்டுவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? தோல் ஏற்கெனவே பழுப்பாகத்தானே இருக்கிறது?

தோலின் நிறத்தை நம்பக் கூடாது என்பது முற்றிலும் சரி. முதலில் மணம் எழும். சற்று நேரத்தில், கடுகு வெடிப்பதைவிட மெல்லிய படபட ஓசை கேட்கும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்கும் ஓசை அது. அந்த ஓசை தொடங்கியதும் ஒரு பருப்பை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுப்பகுதி இளஞ்சந்தன நிறத்துக்கு வந்திருந்தால் இறக்கிவிடலாம். வெள்ளையாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடங்கள் வேண்டும். மரப்பழுப்பாகியிருந்தால் எல்லை கடந்துவிட்டது.

சட்டியில் இருக்கும்போது கடித்துப் பார்த்து "இன்னும் மெத்தென்று இருக்கிறதே" என்று தொடர்ந்து வறுப்பவர்கள் உண்டு. சூடான பாதாம் எப்போதும் மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பிறகே மொறுமொறுப்பு வரும். இறக்கியதும் சட்டியிலேயே விட்டுவைக்காமல் அகலமான தட்டில் கொட்டிப் பரப்புங்கள். பருப்பினுள் இருக்கும் சூடு மேலும் சில நிமிடங்கள் அதை வறுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், நாம் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே இறக்குவது நல்லது.

அவன், மைக்ரோவேவ், ஏர் ஃப்ரையர் இருந்தால் எவ்வளவு நேரம்?

அவனில் 160 முதல் 170 டிகிரி செல்சியசில் 10 முதல் 12 நிமிடங்கள். நடுவில் ஒரு முறை தட்டை வெளியே எடுத்துப் புரட்டிவிட வேண்டும். சீவல்களாக இருந்தால் ஐந்து நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். ஏர் ஃப்ரையரில் 150 டிகிரியில் 7 அல்லது 8 நிமிடங்கள் போதும். ஆனால் அதன் காற்றில் சீவல்கள் பறந்து மேல் கம்பியில் போய் ஒட்டிக் கருகும் என்பதால் முழுப் பருப்புக்கு மட்டுமே அது உதவும்.

மைக்ரோவேவில் 100 கிராம் பருப்பைத் தட்டையான பீங்கான் தட்டில் பரப்பி, ஒவ்வொரு நிமிடமும் நிறுத்திக் கிளறி, நான்கைந்து நிமிடங்கள் வைக்கலாம். இதில் தோல் நிறம் மாறாமலேயே நடுப்பகுதி கருகிவிடக்கூடும். ஆகவே மேலே சொன்ன வெட்டிப் பார்க்கும் சோதனையை இதில் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

எண்ணெய் விட வேண்டாமா? தேங்காயெண்ணெயில் வறுக்கலாமா?

பாதாமின் எடையில் ஏறக்குறைய பாதி அதன் சொந்த எண்ணெய்தான். வறுப்பதற்கு வெளியிலிருந்து ஒரு துளி எண்ணெய்கூடத் தேவையில்லை. நாள்பட வைத்திருக்க எண்ணினால் வெறும் சட்டியில் வறுத்ததே நல்லது. மேலே பூசிய எண்ணெய் முதலில் கெட்டுப் பருப்பையும் கெடுத்துவிடும்.

பாயசத்துக்கும் நெய்ச்சோற்றுக்கும் நெய்யில் வறுப்பது வேறு. அது அன்றைக்கே உண்பதற்கானது. தேங்காயெண்ணெயில் வறுத்தால் பாதாமின் மணம் அடங்கித் தேங்காயின் மணமே மேலோங்கும். காரப் பாதாம் செய்யும்போது மட்டும் இதை நான் விரும்பிச் செய்வேன்: வறுத்து முடித்த 200 கிராம் பருப்பில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய், கிள்ளிய கறிவேப்பிலை, மிளகுத்தூள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டினால் மாலைக் கட்டன்சாயாவுக்கு (பால் சேர்க்காத தேநீருக்கு) அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

உப்புத் தூவினால் தட்டின் அடியில்தான் கிடக்கிறது. கடையில் வாங்கும் பாதாமில் மட்டும் எப்படி ஒட்டுகிறது?

உலர்ந்த பருப்பில் உலர்ந்த உப்பு ஒட்டாது. ஒரு தேக்கரண்டி தூள் உப்பை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் முற்றிலும் கரையவிடுங்கள். 200 கிராம் பருப்பு ஏறத்தாழ வறுபட்டு, இறக்க இரண்டு நிமிடங்கள் இருக்கும்போது, இந்த உப்புநீரைச் சட்டியில் தெளித்து வேகமாகப் புரட்டுங்கள். 'சுர்' என்ற ஓசையோடு நீர் ஆவியாகி, பருப்பின் மேல் வெள்ளைப் பூச்சாக உப்பு படியும். பிறகு சட்டியில் ஈரம் சற்றும் இல்லாமல் போகும்வரை வறுத்து இறக்க வேண்டும். மஞ்சள்தூளையும் மிளகாய்த்தூளையும்கூட இதே நீரில் கலந்துகொள்ளலாம். ஆனால் மிளகாய்த்தூள் விரைவில் கருகும் என்பதால் அப்போது தீயை மிகவும் தணித்துவிடுங்கள்.

அம்மச்சி கடலையை மணலில் வறுப்பார்களே, பாதாமையும் அப்படி வறுக்கலாமா?

வறுக்கலாம், ஆனால் வீட்டில் மணலுக்குப் பதிலாகக் கல்லுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். சீனச்சட்டியில் அரைக் கிலோ கல்லுப்பை நன்றாகச் சூடாக்கித் தீயைத் தணித்த பிறகு, பாதாமை அதனுள் போட்டுப் புரட்டினால், சூடான உப்பு எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்வதால் புள்ளி விழாமல் ஒரே சீராக ஆறேழு நிமிடங்களில் வறுபடும். கண்ணகப்பையால் அரித்து எடுத்துவிடலாம். தோலில் இலேசான உப்புச்சுவை மட்டும் ஏறியிருக்கும். அதே உப்பை ஒரு புட்டியில் எடுத்துவைத்து மறுமுறையும் பயன்படுத்தலாம். கறிக்கு மட்டும் போட வேண்டாம்.

தோலை உரித்துவிட்டு வறுப்பதா, தோலோடு வறுப்பதா?

தின்பதற்கும் பொடிப்பதற்கும் தோலோடு வறுங்கள். தோலில் நார்ச்சத்து உண்டு, வறுத்த தோலின் இலேசான துவர்ப்பு சுவைக்கும் துணை செய்யும். பாயசம், நெய்ச்சோறு, வெள்ளைக் குருமா ஆகியவற்றுக்குத் தோல் ஆகாது. நிறமும் கெடும், நாக்கிலும் தட்டும்.

தோலுரிக்க, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் மட்டும் போட்டு உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். இரண்டு விரல்களுக்கிடையில் அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஒரு நிமிடத்துக்குமேல் வெந்நீரில் கிடந்தால் பருப்பு நீரைக் குடித்துச் சொதசொதப்பாகிவிடும். சீவல் வேண்டுமானால் அந்த ஈரத்தோடேயே சீவிவிடுங்கள்; உலர்ந்த பருப்பைச் சீவ முயன்றால் நொறுங்கிவிடும். சீவியதைத் துணியில் பரப்பி நன்றாக உலரவிட்ட பின்பே வறுக்க வேண்டும்.

இரவு ஊறவைத்த பாதாம் மிஞ்சிவிட்டது. அதை வறுக்கலாமா, மைனி (அண்ணி)?

வறுக்கலாம், ஆனால் ஊறிய பருப்பில் நீர் மிகுந்திருப்பதால் முதலில் அது வேகுமே தவிர வறுபடாது. தோலோடு நேரே சட்டியில் போட்டால் வெளியே முறுகி உள்ளே அவித்த பருப்பாக இருக்கும். துணியில் ஒற்றி, நல்ல வெயிலில் ஒரு நாள் முழுவதும் காயவைத்து, பிறகு மிகச் சிறுதீயில் 20 நிமிடங்களுக்குக் குறையாமல் வறுங்கள். மழைக்காலத்தில் இதை முயல வேண்டாம். அன்றைக்கே அரைத்துக் குருமாவில் சேர்த்துவிடுங்கள்.

வறுத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்கிறார்களே?

போகாது. 100 கிராம் பாதாமில் ஏறத்தாழ 21 கிராம் புரதமும், 50 கிராம் கொழுப்பும், 12 கிராம் நார்ச்சத்தும், 25 மில்லிகிராம் வைட்டமின் ஈ-யும் இருக்கின்றன. இவற்றுள் புரதம், நார்ச்சத்து, கால்சியம், மெக்னீசியம் ஆகியவை சட்டிச் சூட்டில் காணாமற்போவதில்லை. வைட்டமின் ஈ மட்டும் ஓரளவு குறையும். ஊறவைத்துத் தோலுரித்துத் தின்பவர்கள் தோலிலுள்ள நார்ச்சத்தை எறிகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊறியது எளிதில் மெல்லக் கூடியது. பல் தளர்ந்த பெரியவர்களுக்கு அதுவே நல்லது.

சத்தைக் காட்டிலும் நான் கவலைப்படுவது மிகையாக வறுப்பதைப் பற்றித்தான். பாதாமில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் கூடுதலாக உண்டு. அது உயர்ந்த சூட்டில் சர்க்கரையோடு சேர்ந்து அக்ரிலமைடு என்ற, உடலுக்கு நல்லதல்லாத பொருளை உண்டாக்கும். நிறம் கருக்கக் கருக்க அதன் அளவும் ஏறும். இளஞ்சந்தன நிறத்தோடு நிறுத்திவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குச் சுவை மட்டும் காரணமன்று.

கொஞ்சம் கருகிவிட்டது. தூர எறிய மனம் வரவில்லை, என்ன செய்வது?

வெட்டிப் பார்த்து, நடுப்பகுதி பழுப்பாகாமல் தோல் மட்டும் கருகியிருந்தால், சூடாக இருக்கும்போதே முரட்டுத் துணியில் போட்டுத் தேய்த்துக் கருகிய தோலை நீக்கிவிடலாம். நடுப்பகுதியும் கருகியிருந்தால் எறிந்துவிடுங்கள். சர்க்கரையோ வெல்லமோ அந்தக் கசப்பை மறைக்காது. பாயசத்தில் போட்டால் ஒரு கைப்பிடிப் பருப்புக்காக ஓர் உருளிப் பாயசமும் கெடும்.

வறுத்து டப்பாவில் போட்டது ஒரே வாரத்தில் நமுத்துப்போகிறதே?

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கின்றன. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதிலிருந்து கார்த்திகை முடியும்வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. வறுத்த பருப்பு ஈரத்தை இழந்து காய்ந்திருப்பதால் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பருப்பு முற்றிலும் ஆறிய பிறகே மூட வேண்டும்; கைச்சூடு இருக்கும்போது மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து அந்த நீரே பருப்பில் இறங்கும். இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால், இரண்டு வாரங்கள் நன்றாக இருக்கும். நமுத்ததை மறுபடியும் சிறுதீயில் நான்கு நிமிடங்கள் புரட்டி மீட்டுவிடலாம்.

சிக்கு வாடை பிடித்ததை மீட்க முடியாது. வறுக்கும்போது பருப்பின் நுண்ணறைகள் உடைந்து எண்ணெய் காற்றோடு உறவாடத் தொடங்கிவிடுவதால், வறுத்தது பச்சையைவிட விரைவாகக் கெடும். ஆகவே வந்த ஒரு கிலோவையும் ஒரே நாளில் வறுத்துவிட வேண்டாம். பச்சைப் பாதாமைக் காற்றுப் புகாத பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பல மாதங்கள் தாங்கும். தேவைக்கு 200 கிராம் எடுத்து வறுத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பிரதமனில் அண்டிப்பருப்புக்குப் பதிலாகப் பாதாம் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் முழுவதுமாக மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பிரதமனில் அண்டிப்பருப்பு ஊறினாலும் மென்மையாக இனிக்கும். பாதாம் ஊறினால் மரத்துண்டு போலாகிவிடும். தோலுரித்த சீவல்களை நெய்யில் சிறுதீயில் ஒன்றரை நிமிடம் பொன்னிறமாக்கி, ஒன்றாம் பால் சேர்த்து அடுப்பை அணைத்த பிறகு, பரிமாறும் வேளையில் மேலே தூவுங்கள். அண்டிப்பருப்பையும் பாதாமையும் ஒன்றாக நெய்யில் போடக் கூடாது. காரணம் இரண்டாம் கேள்வியிலேயே இருக்கிறது. பாதாமை முதலில் வறுத்தெடுத்துவிட்டு, அதே நெய்யில் அண்டிப்பருப்பையும் கடைசியில் கிஸ்மிஸையும் போடுங்கள்.

பாலில் செய்யும் பாயசத்துக்குப் பாதாம் இன்னும் நன்றாகப் பொருந்தும். ஒரு லிட்டர் பாலுக்கு வறுத்த பாதாம் 20 எடுத்து, ஒன்றிரண்டாகப் பொடித்து, இறக்குவதற்கு ஐந்து நிமிடங்களுக்கு முன் சேர்த்தால் பாலிலேயே மணம் இறங்கும்.

குருமாவுக்கும் இஷ்டுவுக்கும் (ஸ்டூ) வறுத்த பாதாமை அரைத்து விடலாமா?

இங்குதான் வறுக்கக் கூடாது. இஷ்டுவும் வெள்ளைக் குருமாவும் நிறத்தாலும் மென்மையாலும் சிறப்பவை. வறுத்த பாதாம் விழுது பழுப்பாகவும் நறநறவென்றும் இருக்கும். தேங்காய்ப்பாலின் மணத்தையும் அமுக்கிவிடும். நான்கு பேருக்கான இஷ்டுவுக்குப் பச்சைப் பாதாம் 12 எடுத்து, மேலே சொன்னபடி தோலுரித்து, சிறிது வெந்நீர் விட்டு வெண்ணெய் போல அரைத்துச் சேருங்கள்.

அண்டிப்பருப்பு விழுது மாவுச்சத்தால் குழம்பைக் கெட்டியாக்கும். பாதாமில் அது மிகக் குறைவு என்பதால் அரைத்த துகளும் எண்ணெயும் மட்டுமே குழம்புக்கு உடல் தருகின்றன. நெடுநேரம் கொதித்தால் எண்ணெய் பிரியும். ஆகவே இரண்டையும் பாதிப்பாதி அரைத்துவிட்டு, ஒரு கொதியோடு இறக்குவதே என் வழக்கம். சிவந்த மசாலாவில் செய்யும் கோழிக் குருமாவில் மட்டும் வறுத்த பாதாம் நன்றாக இருக்கும்.

பாதாம் அல்வாவுக்கு வறுத்துவிட்டு அரைத்தால் மணம் கூடாதா?

கூடாது. அல்வாவில் ஊறிய பாதாம் விழுது நெய்யில் நெடுநேரம் கிளறப்படுகிறது. வறுபடுவது அங்கேயே நிகழ்கிறது. முன்பே வறுத்தால் விழுது வழவழப்பாக அரைபடாது.

பாதாமைச் சம்மந்தியில் (துவையலில்) அரைக்கலாமா?

அரைக்கலாம், மிக நன்றாக இருக்கும். வறுத்த பாதாம் 15, அரை மூடித் தேங்காய்த் துருவல், சுட்ட வற்றல் மிளகாய் நான்கு, இரண்டு சிறிய உள்ளி, நெல்லிக்காய் அளவு புளியில் பாதி, உப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதாமை முதலில் தனியே பொடித்துவிட்டு மற்றவற்றைச் சேர்த்து, தண்ணீர் விடாமல் உருட்டும் பதத்தில் அரைக்க வேண்டும். அம்மி இருந்தால் அம்மியிலேயே அரையுங்கள். கஞ்சிக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் ஏற்றது.

பாதாம் பொடி செய்யும்போது மிக்சியில் பொடியாகாமல் விழுதாகிவிடுகிறது. என்ன பிழை?

சூடுதான் பிழை. வறுத்த பருப்பு முழுவதும் ஆறாமல் இருந்தாலோ மிக்சி தொடர்ந்து ஓடிச் சூடேறினாலோ எண்ணெய் கசிந்து பொடி ஒட்டிக்கொள்ளும். வறுத்து ஆறிய பருப்பை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 140 கிராம் பருப்புக்கு மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையும் நான்கு ஏலக்காயும் சேர்த்து, விட்டுவிட்டுச் சுற்றுங்கள். சர்க்கரை கசியும் எண்ணெயை வாங்கிக்கொள்ளும்.

விழுதாகவே ஆகிவிட்டால் வருந்த வேண்டாம். மிக்சியை இடையிடையே ஓய்வெடுக்கவிட்டு இன்னும் பத்து நிமிடங்கள் அரைத்தால் அது பாதாம் வெண்ணெயாகிவிடும். சிறுவர்கள் ரொட்டியில் தடவித் தின்பார்கள்.

கிறிஸ்துமஸ் கேக்கில் போடும் பாதாமை முன்பே வறுக்க வேண்டுமா? அவனில்தான் வேகுமே?

மாவின் உள்ளே போடுவதை வறுத்தே போடுங்கள். அவன் 170 டிகிரியில் இருந்தாலும் ஈரமான கேக்கின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் பாதாம் வேகுமே அன்றி வறுபடாது. மேலே அலங்காரமாக வைக்கும் பருப்பு நேரடிச் சூட்டைப் பெறுவதால் அதைப் பச்சையாகவே வையுங்கள்; வறுத்ததை வைத்தால் கருகும்.

முந்திரிக்கொத்தில் பாதாம் சேர்த்தால் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்களா?

முந்திரிக்கொத்தில் முந்திரியே கிடையாது. வறுத்த சிறுபயறும் தேங்காயும் வெல்லமும்தான். கொடிமுந்திரிக் கொத்தின் வடிவத்தால் வந்த பெயர் அது. ஒரு கிலோ பயற்றுமாவுக்கு வறுத்த பாதாம் 100 கிராமை ரவைபோலப் பொடித்துச் சேர்த்தால் உருண்டை உடையாது, கடிக்கும்போது நல்ல மணமும் வரும். அதற்குமேல் சேர்த்தால் எண்ணெய் கசிந்து மேல்மாவு ஒட்டாமற்போகும். எங்கள் வீட்டில் மாமியார் முதலில் மறுத்தார். இப்போது அவரே கேட்டுச் சேர்க்கச் சொல்கிறார்.

முற்றத்தில் நிற்கும் பாதாம் மரத்தின் கொட்டையை வறுத்துத் தின்னலாமா?

தின்னலாம், ஆனால் அது இந்தப் பாதாம் அன்று. சிவந்து உதிரும் பெரிய இலைகளோடு கடற்கரை ஊர்களில் நிழலுக்கு நிற்கும் அந்த மரம் நாட்டு வாதுமை, மலையாளத்தில் தல்லிமரம். மருதும் கடுக்காயும் அதன் உறவுகள். கடைப்பாதாமோ ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பீச் பழத்துக்கு மிக நெருங்கிய உறவு. நாட்டு வாதுமையின் பருப்பு மெலிந்தது, சுவையானது. கல்லால் தட்டிப் பத்துக் கொட்டை உடைத்தாலும் ஒரு கைப்பிடி தேறாது. மெலிந்திருப்பதால் சிறுதீயில் நான்கைந்து நிமிடங்களே போதும்.

ஒரு பருப்பு மட்டும் கடுங்கசப்பாக இருந்தது. வறுத்தால் அந்தக் கசப்பு போகுமா?

கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். கசப்புப் பாதாமில் அமிக்டலின் என்ற பொருள் உண்டு; மெல்லும்போது அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சை வெளியிடும். தவறுதலாக ஒன்று வாயில் பட்டதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சட்டியில் வறுப்பதால் அது தீங்கற்றதாகிவிடும் என்று நம்பக் கூடாது. ஒரே பொட்டலத்தில் பல பருப்புகள் கசந்தால் அந்தப் பொட்டலத்தையே ஒதுக்கிவிடுங்கள். சிக்குப் பிடித்த பருப்பின் காறல் வேறு, இந்தக் கசப்பு வேறு.

சிறு குழந்தைக்கு வறுத்த பாதாம் கொடுக்கலாமா?

ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு எந்தப் பருப்பையும் முழுதாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கிவிடும். வறுத்தது கடினமாக இருப்பதால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நன்றாகப் பொடித்துக் கஞ்சியிலோ பாலிலோ கலந்து கொடுக்கலாம். பாதாம் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வறுத்தாலும் ஒவ்வாது. பாதாமில் ஆக்சலேட் மிகுதி என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது ஏற்கெனவே வறுத்த உப்புப் பாதாம். அதைப் பாயசத்தில் போட வழி உண்டா?

உண்டு. வடிதட்டில் போட்டு, ஓடும் நீரில் பத்து நொடிகள் மட்டும் அலசி உப்பை நீக்கி, உடனே துணியில் புரட்டித் துடைத்துவிடுங்கள். நீரில் ஊற விடக் கூடாது. பிறகு சூடான சீனச்சட்டியில் சிறுதீயில் மூன்று நிமிடங்கள் ஈரம் போகும்வரை மட்டும் புரட்டுங்கள். அது முன்பே வறுபட்டது என்பதால் நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். மசாலாத்தூள் பூசிய வகையாக இருந்தால் இந்த அலசல் உதவாது. அதைப் பாயசத்துக்கு எடுக்காமல் சம்மந்திக்கு வைத்துக்கொள்ளுங்கள், உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.